முதல் வட்டத்தில் யார் படம்

என் கடைசி மகளின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. நகையில் குறை இல்லை, சீரில் குறை இல்லை, பையனுக்குக் குடிப்பழக்கம் இல்லை. உலகத்திலேயே பெரிய ஷேர் வியாபாரி யார் என்பதில் பெண்ணைப் பெற்றவருக்கும் மாப்பிள்ளையைப் பெற்றவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதனால்தான் நிற்கப் பார்த்தது. இதைச் சொன்னால் நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைக்கிறார்கள். சீதனத் தகராறா, பையனுக்கு வேறெங்கேயும் தொடுப்பா என்று துருவிக் கேட்கிறார்கள். நான் பதில் சொல்லாமல் எழுந்து குசினிக்குள் போய்விடுவேன். ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அங்கேயும் வாசிக்க எழுப்பிவிட்டால் மணி அடிக்கிறவரை நின்றுகொண்டே இருப்பேன், எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். ஆகையால் எழுதியே வைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் தோணித் தண்டலாக இருந்தவர். எங்கள் ஊரில் தோணி என்றால் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு போகிற பெரிய மரக்கலம். அதை நடத்திக்கொண்டு போகிறவர் தண்டல். கண் மங்கிக் கரையேறிய பிறகு, பொழுது போகட்டும் என்று மகள் ஒரு பெரிய ஃபோன் வாங்கிக் கொடுத்தாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அதில் பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்குப் போகாத மனிதருக்குக் காற்று எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் காற்றுக்கு நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. கோட்டுப் போட்ட ஒரு பையன் கையை ஆட்டி ஆட்டி, உலகத்துப் பெரிய முதலீட்டாளர்கள் பத்துப் பேரைத் தெரியுமா என்று கேட்டான். இவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருந்தது அவருக்கு ரொம்ப அவமானமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து காற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அந்தப் பத்துப் பேரில் அவர் பிடித்துக்கொண்டது ஒரு வெள்ளைக்காரக் கிழவரை. பெயர் என் வாய்க்கு நுழையாது. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் வாங்கிவச்சவர். அவர் ஒன்றை வாங்கினால் விற்கவே மாட்டாராம். விலை ஏறினாலும் சும்மா இருப்பாராம், இறங்கினாலும் சும்மா இருப்பாராம். “கடல்ல காத்தில்லாம கெடந்தவனுக்குத்தான் சும்மா இருக்கதோட அருமை தெரியும்” என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து சும்மா இருப்பார். ரேஷன் கடைக்குப் போங்களேன் என்றால், “பொறு, பொறு” என்பார். அவருக்குப் பொறுமை வந்த பிறகு ரேஷன் கடைக்கு நான்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஷேர் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஒரே ஒரு தடவை வாங்கலாம் என்று பேங்குக்குப் போனார். கையெழுத்து முன்பு போட்டதோடு ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். “நல்லதாப் போச்சு. வாங்கியிருந்தா விக்கணும்னு ஆச வந்திருக்கும்” என்று சொல்லிக்கொண்டே படியேறினார்.

மகள் நான் நாற்பது தாண்டிப் பெற்ற பிள்ளை. கப்பல் சரக்குக்குக் காகிதம் போடுகிற ஆபீசில் வேலை. அங்கே வந்துபோகிற ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. பையனுக்குச் சாகுபுரம் கெமிக்கல் ஆலையில் வேலை. நம் ஆட்கள், நம் மாதா கோயில், தாய் இல்லாத பிள்ளை. தகப்பனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். குறை சொல்ல எங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

பேசி முடிக்க அவர்கள் வந்த அன்று நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சம்மந்தியாகப் போகிற ஆண்பிள்ளையோடு முகத்துக்கு நேராகப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அப்படியே வழக்கம் இருந்தாலும் நான் பேசியிருக்கமாட்டேன். தேதி பேசினார்கள், மண்டபம் பேசினார்கள். அப்புறம் காப்பி குடிக்கிறபோது சம்மந்தியின் சட்டைப் பையில் ஃபோன் பேசியது. கோட்டுப் போட்ட அதே பையனின் குரல்.

“சம்மந்தி, நீங்களும் பாக்கியளா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“ரெண்டு வருசமாப் பாக்கேன். தூக்கமே கிடையாது.”

இரண்டு பேரும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். தூரதேசத்தில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“பத்துப் பேர்ல யாரு பெரியவருன்னு நெனைக்கிய?” என்று சம்மந்தி கேட்டார்.

“இதுல கேக்க என்ன இருக்கு. வாங்கிவச்சவருதான்.”

சம்மந்தி பிடித்திருந்த கையை விட்டார். “அவரு நல்ல மனுசந்தான். ஆனா கெழவரு. நம்ம ஆளு வேற ஆளுல்லா.”

அவருடைய ஆளும் வெள்ளைக்காரர்தான். ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர். காலையில் வாங்கி மத்தியானம் விற்பாராம். சில நாள் கையில் இல்லாததையே விற்றுவிட்டு, விலை விழுந்த பிறகு வாங்கிக் கொடுத்துவிடுவாராம். கதவுக்குப் பின்னால் நின்று எவ்வளவோ கேட்டும் எனக்கு இது விளங்கவில்லை. என் வீட்டுக்காரருக்கும் விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

“கையில இல்லாத மீன விக்கவனுக்கு நம்ம கரையில என்ன பேரு?” என்றார்.

“சாமர்த்தியக்காரன்னு பேரு.”

“களவாணின்னு பேரு.”

மகள் அறைக்குள்ளிருந்து வந்தாள். “அப்பா, உங்ககிட்ட எத்தன ஷேர் இருக்கு?” என்றாள். அவர் காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். “மாமா, உங்ககிட்ட?” சம்மந்தி ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டார். அவருடைய பணம் மொத்தமும் போஸ்டாபீசில் கிடக்கிறது என்று பையன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அன்றைக்கு அதோடு அடங்கியது. இனிப்பு எடுத்துக்கொண்டார்கள், போனார்கள்.

அடங்கியது என்று நான் நினைத்தேன். அடுத்த நாள் சாயங்காலம் சம்மந்தி மறுபடி வந்தார். அடுத்த நாளும் வந்தார். கல்யாணக் காரியம் பேச என்று வருவார், ஃபோனை வைத்துக்கொண்டு உட்காருவார். அப்படிப் பேசிக்கொண்டிருக்கிறபோதுதான் சிப்பிக் கதை வெளியே வந்தது.

எங்கள் கடலில் கடைசியாக முத்துக்குளித்தபோது நான் சின்னப் பிள்ளை. குளிக்கிறவர்களுக்குக் கூலிக்குப் பதிலாகச் சிப்பியிலேயே ஒரு பங்கு கொடுப்பார்கள். அதைத் திறந்து பார்க்கக்கூடாது, திறக்காமலே குவியலாக விற்கலாம். உள்ளே முத்து இருக்கலாம், வெறும் சதை இருக்கலாம். வாங்குகிறவன் வாங்கி, அழுகவிட்டு, ஈ மொய்க்கிற நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு, அலசிப் பார்க்கவேண்டும். சம்மந்தியின் தகப்பனார் குளிக்கிறவர். தன் பங்கைக் கரையேறின கையோடு விற்றுவிட்டு அரிசியும் துணியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்தக் குவியலை வாங்கியது யார் என்றால் என் மாமனார்.

இது தெரிந்ததும் இரண்டு பேரும் சிரி சிரி என்று சிரித்தார்கள். கடவுள் போட்ட முடிச்சு என்றார்கள். சிரித்து முடித்ததும் சம்மந்தி சொன்னார்:

“அப்பமே பாருங்க, எங்கப்பா நம்ம ஆளு வழி. கண்டவொடன வித்தாச்சு, பைக்குள்ள காசு.”

“எங்கப்பா வாங்கிவச்சவரு வழி. நாத்தத்தப் பொறுத்தவருக்குத்தான முத்து.”

“என்ன முத்து கெடச்சுது?”

“பட்டாணி அளவுக்கு ஒண்ணு.”

“எங்க அது?”

“அதெல்லாம் பங்காளிங்க வித்துத் தின்னுட்டானுவ.”

குசினியில் நான் கரண்டியைக் கீழே வைத்தேன். என் மாமியார் உயிரோடு இருந்தபோது அந்தக் குவியலைப் பற்றி என்னிடம் சொல்லியிருக்கிறார். பட்டாணியும் இல்லை, கடுகும் இல்லை. மணல்போலக் கொஞ்சம் தூள் முத்து கிடைத்தது. அதை நாட்டு வைத்தியரிடம் கொடுத்துப் பஸ்பம் போட்டு, வயிற்றெரிச்சலுக்குத் தேனில் குழைத்து மாமியார்தான் சாப்பிட்டார். எரிச்சலும் நிற்கவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சம்மந்தி ஜெயித்திருப்பார். என் வீட்டுக்காரர் மண்டபத்து முன்பணத்தைத் திருப்பி வாங்கியிருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாவது ஓலை வாசித்தார்கள். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம், அதாவது கோயில் பாதிரியாரிடம், சொல்லவேண்டும் என்று வாசிப்பார்கள். எல்லோரும் சும்மா இருப்பார்கள். சும்மா இருந்தால் தடை இல்லை என்று அர்த்தம். என் மகள் பெயரைச் சொன்னபோது ஒரு குழந்தை மட்டும் இருமியது.

அந்த வாரம்தான் இவரும் சம்மந்தியும் நானும் ஃபிளெக்ஸ் அடிக்கப் போனோம். இந்தக் காலத்தில் கோயில் முக்கில் ஃபிளெக்ஸ் கட்டாமல் கல்யாணம் இல்லை. “நீயும் கூடப் போம்மா, அப்பா எதையாச்சும் கிறுக்கிட்டு வந்துருவாவ” என்று மகள் என்னை அனுப்பினாள். நான் போய்க் கடைக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். கடைக்கார அண்ணாச்சி கம்ப்யூட்டரில் மாதிரி காட்டினார். உச்சியில் மாதா. கீழே பொண்ணு மாப்பிள்ளை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வரிசை வட்டங்கள், அதில் ஆசி வழங்குகிறவர்கள் படம். எம்.எல்.ஏ. படம் வைப்பார்கள், செத்துப்போன தாத்தா படம் வைப்பார்கள்.

என் வீட்டுக்காரர் ஃபோனை நீட்டினார். “முதல் வட்டத்துல இவரப் போடுங்க அண்ணாச்சி.”

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “யாரு, பிஷப்பா?”

“அமெரிக்காக்காரர். நம்ம வீட்டுக்கு ரொம்ப வேண்டியவர்.”

சம்மந்தி தன் ஃபோனை நீட்டினார். “முதல் வட்டத்துல இவரப் போடுங்க. அவர ரெண்டாவதுல போடுங்க.”

“ரெண்டாவதா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“ரெண்டாவதும் நல்ல எடந்தான சம்மந்தி.”

“அப்போ உங்க ஆளப் போடுங்க அதுல.”

அண்ணாச்சி நடுவில் புகுந்தார். “முதல் வட்டத்துக்குள்ள மரியாத தனி. போன மாசம் ஒருத்தர மாத்திப் போட்டு, அவரு மகன் வந்து கடக் கண்ணாடிய ஒடச்சிட்டான். இவங்க மக்கமாரு எப்படி?”

“அவங்க அமெரிக்கால இருக்காவ” என்றார் என் வீட்டுக்காரர்.

“வரமாட்டாங்கல்லா?”

“வந்தா நல்லதுதான” என்றார் சம்மந்தி.

இரண்டு படத்தையும் ஒரே வட்டத்தில் பாதிப் பாதியாகப் போடலாமா என்று அண்ணாச்சி கேட்டார். போட்டும் காட்டினார். வாங்கிவச்சவரின் இடது கன்னமும் ஒல்லியானவரின் வலது கன்னமும் சேர்ந்து, மூக்கு ஒருபக்கமாகக் கோணி, பார்க்கவே சகிக்கவில்லை. “இவரு பாரிச வாதத்துல கெடக்கவரு மாதிரி இருக்காரு” என்று அண்ணாச்சியே அழித்துவிட்டார். அதற்குப் பிறகு வார்த்தை தடித்தது. நாற்றச் சிப்பி வாங்கினவன் குடும்பம் என்று சம்மந்தி சொன்னார். அரிசிக்கு முத்தை விற்றவன் குடும்பம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஃபிளெக்ஸ் அடிக்காமல் இரண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம்.

இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். அந்த ஞாயிறு பூசையில் சம்மந்தி ஆண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். இவர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். வெளியே வந்து இரண்டு பேரும் இரண்டு வாசலால் போனார்கள்.

திங்கட்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். “ஏளா, பொறப்படு. சாமியப் பாக்கணும்.”

“என்னத்துக்கு?”

“தடை சொல்லணும்.”

மகளின் கல்யாணத்துக்குத் தகப்பனே தடை சொல்லுவதை எங்கள் கோயில் பங்கில் யாரும் கண்டதில்லை. மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவள் அழுகிற பிள்ளை இல்லை. என் காலைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, நீ ஒரு வார்த்த சொல்லும்மா. நீ எதுவுமே சொல்லமாட்டேங்க. இத மட்டும் சொல்லு. எனக்கு அவரத்தான் கட்டணும்” என்றாள். சரி என்று தலையாட்டினேன். கோயிலுக்குப் போகிற வழி நெடுக ஒரே ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ‘ரெண்டு பேருமே பெரியவங்கதான், பிள்ளைக்குக் கல்யாணத்த முடிங்க.’ இவ்வளவுதான். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது.

பங்கு அறையில் சாமியார் இருந்தார். எங்கள் மூத்த மகனைவிட வயதில் சின்னவர், வந்து சில மாதங்கள்தான் ஆகிறது. எதிர் நாற்காலியில் சம்மந்தி உட்கார்ந்திருந்தார். அவரும் வெள்ளைச் சட்டை. அவரும் தடை சொல்லத்தான் வந்திருக்கிறார்.

சாமியார் பேனாவைத் திறந்தார். “ரெண்டு வீட்டுலயும் தடை சொல்லுதீங்க. சரி, சொல்லுங்க. பொண்ணும் பையனும் நெருங்கின ரத்த உறவா?”

“இல்ல சாமி.”

“யாருக்காவது முன்னால கல்யாணம் ஆயிருக்கா?”

“சேச்சே.”

“கட்டாயப்படுத்துதீங்களா பிள்ளைங்கள?”

“அதுக ரெண்டும்தான் எங்களக் கட்டாயப்படுத்துது” என்றார் சம்மந்தி.

“அப்புறம் என்ன தடை?”

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். “சாமி, இவங்க வீட்டுல கையில இல்லாதத விக்கவன உலகத்துல பெரிய ஆளுங்காவ. எம்பிள்ள அந்த வீட்டுல போயி என்னத்தப் படிக்கும்?”

“இவங்க வீட்டுல ஒரு பொருள வாங்கினா விக்கவே மாட்டாவளாம் சாமி. எம்பய நாளைக்கு ஒரு பழைய பைக்கக்கூட விக்க முடியாது” என்றார் சம்மந்தி.

சாமியார் பேனாவை மூடினார். தடைகள் எவை எவை என்று சபையில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதில் ஷேர் மார்க்கெட் வரவில்லை என்றார். இவர்கள் விடவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்தார். வாங்கிவச்சவருக்கு எவ்வளவு சொத்து, ஒல்லியானவர் எத்தனை தடவை திவாலாகி எழுந்தார், சிப்பி, அரிசி, பட்டாணி எல்லாம் வந்தது. சாமியார் முதலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, “ஆனா ஒண்ணு, தங்கம் வாங்கிப் போட்டவங்கள நீங்க கணக்குலயே எடுக்கலியே” என்றார்.

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

“தங்கம் வட்டி குடுக்காதே சாமி” என்றார் இவர்.

“தங்கம் தூங்கும் சாமி” என்றார் அவர்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரு பக்கம் நின்றார்கள். சாமியார் முகம் சிவந்துபோனது. தங்கத்தை விட்டுவிட்டு மறுபடி சாமியாராகிவிட்டார். “சரி, ரெண்டு பேருக்கும் பொதுவான ஆள் யாராவது தீர்ப்புச் சொன்னா ஒத்துக்கிடுவீங்களா?”

“இவ சொல்லட்டும்” என்றார் என் வீட்டுக்காரர். “கலியாணம் ஆன நாள்ல இருந்து எம்பேச்சக் கேட்டவ. எல்லா வீடியோவும் இவ காதுல விழுந்திருக்கு.”

“மைனி ஞாயமாத்தான் சொல்லுவாவ. எனக்குச் சம்மதம்” என்றார் சம்மந்தி. எங்கள் பக்கம் அண்ணியை மைனி என்பார்கள்.

மூன்று ஆண்பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். நான் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் ‘ரெண்டு’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. ரெண்டு என்று ஆரம்பித்தால் இரண்டாமவரைச் சொல்லுவதாக நினைத்துவிடுவார்களோ, அப்படியானால் இரண்டாமவர் யார் என்று பயம் வந்தது. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. மூடிக்கொண்டேன். துறைமுகத்தில் கப்பல் ஒன்று சங்கு ஊதியது. அது ஊதி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். முடித்த பிறகும் நான் பேசவில்லை. மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. வந்ததும் இன்னும் பேச வரவில்லை. நான் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் என் வீட்டுக்காரர்தான் தொடையில் தட்டினார். “பாத்தியளா சாமி. விளங்கிச்சா? சும்மா நிக்கா. வாங்கிவச்சவரும் இப்படித்தான், உலகமே கத்தினாலும் சும்மா இருப்பாரு. செஞ்சே காட்டிட்டா.”

“அது எப்படி?” என்றார் சம்மந்தி. “உங்க ஆளு பேரு மைனிக்கு மனப்பாடம். பெரியவருன்னு நெனச்சிருந்தா சொல்லியிருப்பாவல்லா. புருசன் மனசு நோகுமேன்னு எங்க ஆளச் சொல்லாம நிக்காவ. எனக்கு இது போதும்.”

“அப்போ உங்களுக்குத் திருப்தியா?”

“எனக்குத் திருப்தி. உங்களுக்கு?”

“எனக்கும் திருப்திதான்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டார்கள். தோற்றவனிடம் பெருந்தன்மையாக நடந்துகொள்ளுகிற முகம் இரண்டு பேருக்கும் இருந்தது. சாமியார் இதுதான் சமயம் என்று எழுந்துவிட்டார். “ஓல வாசிச்சு யாரும் வாய் தொறக்கலன்னா தடை இல்லன்னு அர்த்தம். அம்மா வாய் தொறக்கல. ஞாயித்துக்கிழம மூணாவது ஓல வாசிப்பேன். போயிட்டு வாங்க.”

வீட்டுக்கு வந்ததும் மகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “என்னம்மா சொன்ன?” என்று கேட்டாள். அதற்கும் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான் ஏதோ பெரிதாகப் பேசிவிட்டேன் என்று அவள் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாம் ஓலை வாசித்தபோது இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஃபிளெக்ஸ் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளுவதாகச் சொல்லிவிட்டார்கள். சேர்ந்தே போனார்கள், சேர்ந்தே வந்தார்கள். என் ஆதார் அட்டையை இவர் எதற்காகவோ கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மண்டபத்துக்காரன் கேட்டிருப்பான் என்று நானும் கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மீன் வாங்கப் போகிறபோது பார்த்தேன். கோயில் முக்கில், மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில், ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. உச்சியில் மாதா. கீழே என் மகளும் மாப்பிள்ளையும். நடுவில் மூன்று வட்டம். இரண்டாவதில் வாங்கிவச்சவர், மூன்றாவதில் ஒல்லியானவர். முதல் வட்டத்தில் நான்.

ஆதார் அட்டையில் இருக்கிற படம். அதை எடுத்த அன்று எனக்குக் காய்ச்சல். கண்ணை விரித்து, உதட்டை இறுக்கி, யாரோ அடிக்க வருகிற மாதிரி இருப்பேன். அந்த முகம் இப்போது ஒரு சோற்றுப் பானை அகலத்துக்கு இருந்தது. அண்ணாச்சி அதற்குத் தங்கக் கலரில் சுற்று வேறு போட்டிருந்தார். முன்பின் தெரியாதவர்களுக்கு முன்னால் முக்காடு இல்லாமல் நான் நின்றதே கிடையாது. இப்போது திரேஸ்புரத்துக்குப் போகிற ஷேர் ஆட்டோ எல்லாம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியது.

மீன் விற்கிறவள் கூடையை இறக்கிவிட்டு நின்று பார்த்தாள். எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். “ஏளா, நீ எப்பம் ஃபாரின் போன?” என்றாள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா, வெள்ளைக்காரர்கள் இரண்டு பேரும் புதிதாகப் புனிதர் பட்டம் வாங்கினவர்கள் போலிருக்கிறது என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். முதல் வட்டத்தில் இருக்கிறவள் எந்த நாட்டுக்காரி என்று என்னிடமே கேட்டார். நான் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு, மீன் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

“நடுவருன்னா ரெண்டு பேருக்கும் மேலதானளா இருக்கணும். நாங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டது இது ஒண்ணுதான்” என்றார் என் வீட்டுக்காரர். கழற்றச் சொல்லி மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். “நல்லாத்தானம்மா இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் மருதாணி போட உட்கார்ந்துவிட்டாள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மண்டபத்தில் எனக்குத் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இப்பம் எதம்மா வாங்கலாம்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “புரிஞ்சுது, இப்பம் ஒண்ணும் வேண்டாங்கிய” என்று சொல்லி எழுந்து போனார்.

அப்புறம் ஃபிளெக்ஸ் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. யாராவது கிழித்திருப்பார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். மறுவீட்டுக்கு மகள் வீட்டுக்குப் போனபோது கொல்லைப்பக்கம் போனேன். சம்மந்தி வீட்டில் கொஞ்சம் கருவாடு போடுவார்கள். மணலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. காக்காய் கொத்தாமல் இருக்க அதன்மேல் அதே ஃபிளெக்ஸை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். என் முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. மாடியில் துணி காயப்போடுகிற பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் பார்க்கிற மாதிரி.

சம்மந்தியும் என் வீட்டுக்காரரும் நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் சம்மந்தி பக்கத்தில் போய் நின்றேன்.

“கவுத்திப் போடுங்க” என்றேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “மைனி பேசிட்டாவ. சம்மந்தி, மைனி பேசிட்டாவ.” பிறகு குனிந்து என் முகத்துக்கு நேராகக் கேட்டார். “பேசினதோட பேச்சா இதையும் சொல்லிருங்க. அன்னைக்கு வாயத் தொறந்திருந்தா யாரச் சொல்லியிருப்பிய?”

நான் ஃபிளெக்ஸைப் பார்த்தேன்.

“இவளக் கவுத்தினா நம்ம ஆளுங்களும்லா கவுந்துருவாங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“உங்க ஆளு பக்கத்துல இருந்து கவுத்துவோம். அவருக்குத்தான் பொறும சாஸ்தி.”

“எதுக்கு எங்க ஆளு முதல்ல கவுழணும்? உங்க ஆளு தெனமும் கவுந்து எந்திரிக்கவருதான, அங்கன இருந்து புடிங்க.”

அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் முதல் வட்டத்துப் பக்கத்துக் கல்லைக் காலால் தள்ளிவிட்டு, மூலையைப் பிடித்து, அப்படியே மடக்கி, மூன்று பேரையும் நெத்திலிமேல் குப்புறப் போட்டேன்.